கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இலக்கியம்: காலத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் என்ன?

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இலக்கியம் படிப்பிக்கும்போது வருகிற சிக்கல், அவர்களுக்குப் பாட்டு மிக விரைவாக விளங்கிவிடுவதுதான். குறுந்தொகைப் பாட்டு ஒன்றைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் "முல்லை, தலைவி கூற்று, பிரிவாற்றாமை" என்று முன்வாங்கிலிருந்து பதில் வந்துவிடும். பதில் சரி, மாக்ஸும் கிடைக்கும். ஆனால் அந்தச் சரியான பதிலோடு பாட்டும் முடிந்துவிடுகிறது, மிச்சப் பாடவேளை முழுக்க அந்தப் பிள்ளை மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை சும்மா இருக்கும். தரம் 5 புலமைப்பரிசிலுக்காக மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பழக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். கேள்வி முடிவதற்கு முதல் விடை சொல்வதுதான் கெட்டித்தனம் என்று நாங்களே அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) முடிந்ததும் இவர்களில் பெரும்பாலானோர் கணிதப் பிரிவுக்கோ உயிரியல் பிரிவுக்கோ போய்விடுவார்கள், அதோடு தமிழ்ப் பாடமும் அவர்களுக்கு முடிந்தது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தமிழ் படிப்பிக்கிற எவருக்கும் இது தெரிந்த கதைதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது கூடுதலான வேலை. பத்துப் பாட்டுக்குப் பதில் இருபது, இந்த வருசப் பாடத்துக்குப் பதில் அடுத்த வருசப் பாடம், அப்புறம் ஒரு கட்டுக் கடந்தகால வினாத்தாள். மீத்திறன் மாணவர் கல்வி பற்றி யோசித்தவர்கள் இந்த வழியைப் பெரிதாக ஏற்பதில்லை. அமெரிக்காவில் ஜாய்ஸ் வான்டாசல்-பாஸ்கா 1986 இல் முன்வைத்த ஒருங்கிணைந்த கலைத்திட்ட மாதிரி மூன்று விடயங்களைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறது: உள்ளடக்கம் ஆழமாக இருக்கவேண்டும், பிள்ளை அதை வைத்து உயர்மட்டமாகச் சிந்தித்துத் தானே ஒன்றை உருவாக்கவேண்டும், எல்லாவற்றையும் ஒரு பெருங்கருத்து கட்டி நிறுத்தவேண்டும். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அந்த மாதிரியை வைத்து உருவாக்கிய மொழிப்பாட அலகுகளில் பெருங்கருத்தாக எடுத்தது "மாற்றம்". ஒரு கவிதையையும் ஒரு நாவலையும் ஒரு கட்டுரையையும் மாற்றம் என்கிற ஒரே கேள்வியால் துளைக்கும்போது பிள்ளைக்குப் பாட்டின் லேபலைச் சொல்லித் தப்ப முடியாது. அதுதான் அதன் பலம்.

தமிழில் அதே வேலையைச் செய்ய "காலம்" இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். எங்கள் இலக்கணமே காலத்தை முதற்பொருள் என்று வைத்திருக்கிறது. "முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு" என்கிறது தொல்காப்பியம். குறிஞ்சி, முல்லை, நெய்தல் என்று நிலத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், பொழுதை ஓர் அட்டவணையாக மட்டும் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். முல்லைக்குக் கார், மாலை. குறிஞ்சிக்குக் கூதிர், யாமம். பாலைக்கு வேனில், நண்பகல். அட்டவணை சோதனைக்குப் போதும். அந்த அட்டவணையை எங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அங்கிருந்துதான் உண்மையான பாடம் தொடங்கும்.

கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்று புத்தகம் சொல்கிறது. மட்டக்களப்பில் ஆவணி என்பது கச்சான் காற்று அடித்து உடம்பெல்லாம் எரிகிற காலத்தின் வால்பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குப் பக்கத்திலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு எங்களிடம் காய்ந்த காற்றாக வந்து சேர்கிறது. எங்களுக்கு மாரி என்றால் ஐப்பசி பிந்தித் தொடங்கி கார்த்திகை, மார்கழி. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவருவது. பெரும்போகம் அதை நம்பித்தான் விதைக்கப்படுகிறது. அப்படியானால் புத்தகத்திலுள்ள கார்காலம் யாருடைய கார்காலம்? பாட்டு எழுதியவர் எந்தப் பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்? இதைப் போலவே நெய்தலுக்கு எற்பாடு, அதாவது சூரியன் சாய்கிற நேரம். கல்லடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் சூரியன் கடலிலிருந்து எழும்பும். சாய்வது முதுகுப்பக்கம், வாவிக்கு அப்பால். கொற்கையிலும் புகாரிலும்கூட அப்படித்தான், சேரர் கரையில் மட்டும்தான் சூரியன் கடலுக்குள் இறங்கும். நெய்தலின் இரக்கத்துக்கு ஏன் சாய்கிற பொழுதை வைத்தார்கள் என்கிற கேள்விக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஒரு கிழமை யோசித்து இரண்டு மூன்று விதமாகப் பதில் எழுதலாம். எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே பதில் என்று ஒன்று இல்லை, அதனாலேயே அது நல்ல கேள்வி.

இனி இரண்டு பாட்டைக் கிட்டவைத்துப் பார்ப்போம். குறுந்தொகை 66 இல் தோழி பேசுகிறாள். கொன்றை பூத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, தலைவி உடைந்துபோயிருக்கிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, பருவம் வருவதற்கு முதலே பூத்துவிட்டது, "வம்ப மாரியைக் கார்என மதித்தே" என்று. ஏதோ திடீரென்று பெய்த மழையைப் பார்த்துக் கார்காலம் என்று மரம் ஏமாந்துவிட்டதாம்! குறுந்தொகை 21 இல் பேசுவது தலைவி. அங்கேயும் கொன்றை பூத்திருக்கிறது, காடு முழுக்கப் பொன்னிறம். அவள் சொல்கிறாள்: "கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன் அவர்பொய் வழங்கலரே." காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார்.

இரண்டையும் வகுப்பில் வைத்தால் முதலில் வருகிற பதில் பிரிவாற்றாமைதான். சரி, அதை ஒருபக்கம் வைத்துவிட்டு, உண்மையில் அது கார்காலமா இல்லையா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகும். "சேர், அப்ப தோழி பொய்தானே சொல்றா. அவவுக்குத் தெரியும் இது கார்தான் எண்டு" என்று ஒரு பிள்ளை சொல்லும். இன்னொரு பிள்ளை, மழை உண்மையிலேயே பருவம் தப்பிப் பெய்யக்கூடும், எங்கள் ஊரிலும் பெய்கிறதே என்று நிற்கும். பாட்டுக்கு உள்ளே விடை இல்லை. பாட்டுக்குக் கீழே பழைய காலத்தில் யாரோ எழுதிவைத்த கூற்றுக் குறிப்பில் இருக்கிறது: பருவம் கண்டு வேறுபட்ட கிழத்தியைத் தோழி பருவமன்று என்று வற்புறுத்தியது. குறிப்பு எழுதியவரைப் பொறுத்தவரை பருவம் வந்துவிட்டது, தோழி அதை இல்லை என்கிறாள். 21 ஆம் பாட்டின் குறிப்பு இதற்கு மறுபக்கம். அங்கே தோழிதான் இனி இவளை எப்படித் தேற்றுவேன் என்று கவலைப்படுகிறாள், அந்தக் கவலையைக் கண்டு தலைவி முந்திக்கொண்டு அதே பொய்யைத் தானே சொல்கிறாள். முதற் பாட்டில் தோழி தலைவியைத் தேற்றுகிறாள், இரண்டாவது பாட்டில் தலைவி தோழியைத் தேற்றுகிறாள், இரண்டு பேரும் தேற்றுவதற்குப் பாவிக்கிற பொருள் காலம். ஒருவரைக் காப்பாற்ற ஒரு பருவத்தையே இல்லை என்று மறுக்கிறார்கள். இந்த இடத்துக்கு வந்த பிறகு ஒரு பிள்ளைக்குப் பிரிவாற்றாமை என்கிற சொல் போதாமல் போகும். அந்தப் போதாமைதான் எனக்கு வேண்டும்.

இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது, கவனமாகத் தொடவேண்டியது. எங்கள் வகுப்புகளில் உம்மாவோ வாப்பாவோ, அம்மாவோ அப்பாவோ கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "நோன்புப் பெருநாளைக்கு வருவன்", "சித்திரைக்கு வருவன்" என்று போனில் சொல்லப்பட்ட தவணைகளோடு வளர்கிற பிள்ளைகளுக்குக் கொன்றை பூத்தது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. அதற்காக அந்தப் பிள்ளையை எழுப்பிச் "சொல்லு மகள், உனக்கு எப்படி இருக்கு" என்று கேட்கக் கூடாது. பாட்டைக் கொடுத்தால் போதும், விரும்பினால் அது எழுதட்டும். வேறு ஒரு பொதுக் கேள்வியை எல்லோருக்கும் வைக்கலாம்: பருவத்தால் சொல்லப்பட்ட தவணைக்கும் திகதியால் சொல்லப்பட்ட தவணைக்கும் என்ன வேறுபாடு? திகதியை யாரும் மறுக்க முடியாது, டிசம்பர் 20 என்றால் 20 தான். பருவம் கொஞ்சம் முந்தலாம், பிந்தலாம், அதனால்தான் தோழிக்குப் பொய் சொல்ல இடம் கிடைத்தது. இதோடு ஹிஜ்ரி ஆண்டையும் சேர்த்தால் பேச்சு இன்னும் சூடுபிடிக்கும். பிறையைப் பார்த்து நகரும் அந்த ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு, ஆகவே நோன்பு மாரியிலும் வரும், கச்சானிலும் வரும். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கிற முஸ்லிம் பிள்ளைக்கு மாதத்தின் பெயரும் பருவமும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கலாம் என்பது சின்ன வயதிலேயே தெரியும். ஆரையம்பதிப் பிள்ளைக்குத் தை என்றால் பொங்கல், மார்கழி என்றால் குளிர். இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து கார்காலம் பற்றிப் பேசினால் எந்த உரையாசிரியரும் கேட்காத கேள்விகள் வரும்.

அடுத்து குறள். "காலமறிதல்" என்கிற அதிகாரத்தை அரசனுக்குச் சொன்ன புத்திமதி என்று எல்லோருக்கும் தெரியும். பகலில் காகம் ஆந்தையை வெல்லும், நீ உன் பொழுதைப் பார்த்துக் காத்திரு, கொக்குப் போல. வாவிக்கரையில் இதைப் படிப்பிப்பதற்குப் படமே தேவையில்லை. இங்கே காலம் ஒரு கருவி, பிடித்துப் பாவிக்கவேண்டியது. அறத்துப்பாலுக்குப் போனால் அதே ஆள் நிலையாமையில் "நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாள்" என்கிறார். அங்கே கருவி நாளின் கையில், அறுபடுவது நாங்கள். காமத்துப்பாலுக்குப் போங்கள்: "காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்." இங்கே காலத்தைப் பிடிக்கவும் முடியாது, அது உயிரை அறுக்கவும் இல்லை, ஒரு நாளைக்குள் பூவைப் போல ஒரு நோய் வளர்கிறது. ஒரே நூலில், ஒரே யாப்பில், மூன்று பாலுக்கு மூன்று காலம். இது ஒரே ஆளின் யோசனையா, மூன்று பேர் பேசுவதைக் கேட்டு எழுதியதா, அரசனாக இருப்பவனே மாலையில் காதலனாகவும் இருக்கமாட்டானா என்று கேட்டால் தரம் 10 பிள்ளை தானாகவே மூன்று பாலையும் புரட்டும். குறள் பத்தை மனப்பாடம் செய்யக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கணிதத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரார் ஜெனெட் 1972 இல் கதை சொல்லலில் காலத்தை ஒழுங்கு, நீளம், தடவை என்று மூன்றாகப் பிரித்தார். எது முதலில் சொல்லப்படுகிறது, எவ்வளவு நேரம் எடுத்துச் சொல்லப்படுகிறது, எத்தனை தரம் சொல்லப்படுகிறது. பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. வரைபுத்தாள் ஒன்றைக் கொடுத்து, கீழ் அச்சில் கதைக்குள் ஓடுகிற நேரம், மேல் அச்சில் அதைச் சொல்ல எடுத்த அடிகள் என்று குறிக்கச் சொல்லுங்கள். கம்பனில் வில் ஒடிகிற பாட்டை எடுத்தால் "எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்". கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நடுவில் நடந்தவற்றைக் காணவில்லை. எடுத்ததைக் கண்ணால் கண்டார்கள், ஒடிந்ததைக் காதால்தான் கேட்டார்கள். நெடுநல்வாடையை எடுத்தால் 188 அடியும் ஒரு கூதிர்கால மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. அரண்மனையில் அரசி தூங்கவில்லை, பாசறையில் அரசன் "நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்". ஒரே நேரம், இரண்டு இடம். வரைபுத்தாளில் முதலாவது செங்குத்தாகத் தாவுமா, படுத்துக் கிடக்குமா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், ஏனென்றால் கம்பன் ஒரு கணத்துக்கு நாலு அடி கொடுத்திருக்கிறான், அப்படியிருந்தும் பாட்டு வேகமாகப் போவதுபோல் தெரிகிறது. அடிக்கணக்கு மெதுவாக என்று காட்ட, காது வேகமாக என்று சொல்லும். ஏன் என்று தேடப் போனால் வினைச்சொற்களின் அடுக்கில் வந்து நிற்பார்கள், அது நாங்கள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டவேண்டிய இடமாக இல்லாமல் அவர்களே கண்டுபிடித்த இடமாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற தீப்பள்ளயச் சடங்கு 18 நாள் நடக்கும், பாரதப் போரும் 18 நாள். போருக்கு நாளுக்கு நாள் சரியாக இருக்கிற அதே சடங்கில் பாண்டவர்களின் 12 வருச வனவாசம் ஒரே நாளில் நடந்துமுடிகிறது. எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில், சுற்றிவர ஆட்கள் இருந்து பார்க்க, விடியவிடிய ஆடப்பட்டவை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் அவற்றைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது அவை சுருங்கின. அது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் விடலாம்: ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் அவ்வளவு நேரம் எடுத்து ஆடிய கூத்தைச் சுருக்கும்போது கதை போகவில்லை, அப்படியென்றால் போனது என்ன? விடிய விடியக் கூத்துப் பார்த்த ஒரு பெரியவர் ஊரில் இருந்தால் அவரிடமே போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், ஒரேயொரு நூலைத்தான் இந்த முறையில் படிப்பிக்கலாம் என்று யாராவது கட்டளை போட்டால் நான் சிலப்பதிகாரத்தைத்தான் எடுப்பேன், அதையும் கிழக்கு மாகாணத்தில் படிப்பிப்பவர் என்கிற காரணத்துக்காகவே எடுப்பேன்.

சிலம்பின் கால ஒழுங்கைக் கவனித்துப் பாருங்கள். பதிகத்திலேயே முழுக் கதையும் சொல்லப்பட்டுவிடுகிறது, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதும் ஊழ்வினை வந்து ஊட்டும் என்பதும் உட்பட. ஆகவே "என்ன நடக்கும்" என்கிற ஆவலை இளங்கோ முதற்பக்கத்திலேயே கைவிட்டுவிட்டார். 9 ஆவது காதையில் கண்ணகி தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள்: ஒரு பட்டினம், கோவலன்மேல் ஒரு பழி, அரசன்முன் தான் வழக்குரைத்தது, அந்த ஊருக்கும் அரசனுக்கும் வந்த கேடு. நடக்கப்போவது முன்னுக்கு வந்துவிட்டது. பிறகு எல்லாம் நடந்து, கோவலன் வெட்டுண்டு, பாண்டியன் உயிர்விட்டு, மதுரை எரிந்தபிறகு, 23 ஆவது காதையான கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்பக்கமாக வந்து முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. போன பிறவியில் கோவலன் பரதன் என்கிற பெயரில் இருந்தான், சங்கமன் என்கிற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்லவைத்தான், சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அலைந்து மலையிலிருந்து விழும்போது இட்ட சாபம் இது, நீயும் 14 ஆம் நாள் உன் கணவனைக் காண்பாய்.

எதிர்காலம் முதலில் வந்தது, இறந்தகாலம் கடைசியில் வந்தது. ஏன்? இதை வகுப்பில் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும், அதுதான் கஷ்டம். நான் கேட்ட பதில்களில் என்னை நிற்கவைத்தது இது: சாபத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் எங்களுக்குப் பாண்டியன்மேல் கோபம் வந்திராது. "அவன் விதி, அவன் சாகிறான்" என்று வாசித்துக்கொண்டு போயிருப்போம். காரணத்தை ஒளித்துவைத்ததால்தான் வழக்குரை காதையில் நாங்கள் கண்ணகியின் பக்கம் முழுதாக நிற்கிறோம், "தேரா மன்னா" என்பது எங்கள் வாயிலிருந்தும் வருகிறது. எரிந்து முடிந்தபிறகு காரணத்தைச் சொன்னால், பட்ட கோபம் பட்டதுதான், அதை எந்த முற்பிறப்பும் திருப்பி வாங்க முடியாது. ஊழ் என்று பதிகத்தில் சொன்ன ஆளே ஊழை நாங்கள் எளிதாக ஏற்றுக்கொள்ளாதபடி கதையை அடுக்கியிருக்கிறார். 15 வயதுப் பிள்ளை ஒன்று இந்த இடத்துக்குத் தன் காலால் நடந்து வருவதைப் பார்ப்பது ஆசிரியத் தொழிலின் பெரிய சந்தோசங்களில் ஒன்று.

இதற்கு மேல் எங்களுக்கு மட்டும் கிடைத்த ஒன்று இருக்கிறது. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம் என்று இந்தக் கரை நெடுகக் கண்ணகி அம்மன் கோயில்கள். வைகாசியில் கதவு திறந்து சடங்கு, கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்கிற கண்ணகி வழக்குரை படிப்பு, கடைசியில் அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தி. பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டாரோடு போய் அந்தப் படிப்பைக் காதால் கேட்டவர்கள், ஆனால் பள்ளிக்கூடத்துச் சிலப்பதிகாரமும் கோயில் வழக்குரையும் அவர்கள் மனதில் இரண்டு வேறு பெட்டியில் கிடக்கின்றன. அந்த வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்திருக்கிறார், நூலாக எடுத்துப் பார்க்கலாம். அதில் ஒழுங்கு வேறு. கண்ணகி மாங்கனியில் பிறக்கிற கதை தொடக்கத்திலேயே வருகிறது, பாண்டியனுக்கு முடிவு அங்கேயே பிறந்துவிடுகிறது. இளங்கோ 23 ஆவது காதைவரை ஒளித்துவைத்த காரணத்தை ஊர்க்கதை வாசலிலேயே வைத்துவிட்டது (காரணமும் வேறு என்பது உண்மைதான், ஆனால் அது இருக்கிற இடத்தைப் பாருங்கள்). முடிவும் வேறு. சிலம்பு வஞ்சிக்குப் போய்க் கல் எடுத்துச் சிலை நாட்டுகிறது. எங்கள் கதை குளிர்த்தியில் நிற்கிறது, எரிந்தவளைக் குளிரவைக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

அப்புறம் ஜெனெட் சொன்ன "தடவை". சிலம்பில் மதுரை ஒருதரம் எரிந்தது. வைகாசிச் சடங்கில் அது வருசா வருசம் எரிகிறது, வருசா வருசம் குளிர்விக்கப்படுகிறது. ஒருமுறை நடந்ததைச் சொல்கிற காலமும் ஒவ்வொரு வருசமும் நடக்கிற காலமும் ஒன்றா என்று கேட்டால், விஞ்ஞானத்தில் கெட்டியான பிள்ளை ஊசலையும் சூரியனைச் சுற்றும் பூமியையும் கொண்டுவரும், இலக்கியத்தில் கெட்டியான பிள்ளை மழையையும் வெக்கையையும் கொண்டுவரும், ஏனென்றால் குளிர்த்தி வருகிற மாதம் வெக்கை ஏறுகிற மாதம். இரண்டு பேரும் சரி. சடங்கு முடிந்த கிழமையில் இந்தப் பாடத்தை வைத்தால் நினைவு சூடாக இருக்கும். வேறு சமயத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் வழக்குரையை நூலாக வைத்துப் பேசினால் போதும், கோயிலுக்குப் போய்வந்தவர் போகாதவர் என்று பிரிக்க வேண்டியதில்லை.

வரலாற்றில் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தொடுப்பு: சிலம்பின் கடைசிக் காதையில் கண்ணகி விழாவுக்கு வந்தவர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்" இருக்கிறான். மகாவம்சம் சொல்கிற முதலாம் கயவாகு கி.பி. 2 ஆம் நூற்றாண்டுக்காரன். அந்த ஒரு பெயரைக் கொக்கியாக வைத்துத்தான் செங்குட்டுவன் காலத்தையும் சங்க இலக்கியக் காலத்தையும் பலர் கணித்தார்கள், அதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. காப்பியத்தில் வருகிற ஒரு பெயரை நம்பி ஆண்டு கணிக்கலாமா என்பதை விவாதமாக வைக்கலாம். நீளமாகப் போகத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, புறநானூறு 112. பாரி மகளிர் பாடியது. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்" எங்கள் அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. "இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்" குன்றையும் வேந்தர் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த பாட்டு. அதில் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள்: பாரி செத்தது எந்த அடியில் இருக்கிறது? எந்த அடியிலும் இல்லை. இரண்டு நிலவுக்கு நடுவில் நடந்ததை அந்தப் பெண்கள் சொல்லவே இல்லை. முன்பு இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காலத்தைச் சொல்கிற விதமும் கிட்டத்தட்ட இதுதான். 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளி, 2004 டிசம்பர் 26 இன் சுனாமி, இவற்றுக்கு இடையிலும் பிறகும் நடந்த இடப்பெயர்வுகள். "சூறாவளிக்கு முந்தி இந்த வளவு நிறையத் தென்னை", "சுனாமிக்குப் பிறகுதான் இஞ்ச வந்தம்" என்பார்கள். நடுவிலுள்ளதைச் சொல்லமாட்டார்கள். இப்போது தரம் 9, 10 இல் இருக்கிற பிள்ளைகள் 2009 இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு முந்தி என்பதும் பிறகு என்பதும் பிறர் சொல்லக் கேட்டவை. அம்மம்மா சொல்கிற ஒரு கதையைச் சொன்ன ஒழுங்கிலேயே எழுதி, பிறகு நடந்த ஒழுங்கில் மாற்றி எழுதி, எந்த இடத்தில் அவர் பேச்சை நிறுத்தினார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம். நிறுத்திய இடத்தில் துருவிக் கேட்கக் கூடாது என்பதை முதலே சொல்லிவிடுங்கள். கதை சொல்ல ஆள் இல்லாத பிள்ளைக்கும், சொல்ல விரும்பாத வீட்டுப் பிள்ளைக்கும் மாற்றாக நீலாவணனின் "வேளாண்மை" காவியத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுக்கலாம். பெரியநீலாவணைக் கவிஞர், 1975 இல் இறந்தவர், அவர் இல்லாத காலத்தில்தான் அந்தக் காவியம் நூலாக வந்தது. இங்குள்ள வயலும் வாழ்வும் அதில் இருக்கின்றன, வேளாண்மையின் பருவங்களும் மனிதரின் காலமும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்று பார்க்க நல்ல நூல்.

புள்ளி போடுவது பற்றிக் கேட்பார்கள். ஓ.எல் வினாத்தாள் திணையையும் அணியையும் கேட்கும், அதை மாற்றுவது எங்கள் கையில் இல்லை, அந்தப் பயிற்சியையும் விடக் கூடாது. இந்த வேலைகளுக்கு வேறு விதமாகப் புள்ளி போடலாம்: பிள்ளை தன் கருத்துக்குப் பாட்டிலிருந்து எந்த அடியைக் காட்டுகிறது, தனக்கு எதிரான அடியையும் பார்த்ததா, முதலில் சொன்னதைப் பிறகு மாற்றியதா, மாற்றியதற்குக் காரணம் எழுதியதா. சீக்கிரம் முடித்ததற்குப் புள்ளி இல்லை என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் முதலாவதாக எழும்பிக் கொப்பியை நீட்டுவதைத்தான் இவ்வளவு வருசமும் பழகியிருக்கிறார்கள்.

முழு அலகாகச் செய்ய நேரம் இல்லாதவர்கள் ஒரு பாடவேளையில் தொடங்கலாம். குறுந்தொகை 66, 21 இரண்டையும் கூற்றுக் குறிப்பை நீக்கிவிட்டு ஒரே தாளில் அடித்துக் கொடுங்கள். திணை கேட்க வேண்டாம். யார் யாரைத் தேற்றுகிறார்கள், கொன்றை சொல்வது உண்மையா என்று மட்டும் கேட்டு, பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதவிடுங்கள், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பழைய குறிப்புகள் இரண்டையும் பலகையில் எழுதுங்கள். சரி பிழை சொல்லாமல் கொப்பிகளை வாங்கிவிடுங்கள். அடுத்த நாள் திருப்பிக் கொடுத்து, குறிப்பை எழுதியவரோடு உடன்படாதவர்கள் யார் என்று கேட்டுத் தொடருங்கள்.